டிரெய்லரைக் கழற்றும் முன்

முதல்முறையாக டிரெய்லர் இழுத்துச் செல்லப்போகும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு,



மே மாதக் கடைசித் திங்களை ஒட்டிய மெமோரியல் டே விடுமுறை நெருங்கினால் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் சூடுபிடித்துவிடும். யார் வீட்டில் இட்லி மாவு அரைப்பது, கேரம் போர்டு யார் எடுத்துவருவது, கறியில் மசாலா தடவி ஐஸ் பெட்டியில் வைப்பது யார் பொறுப்பு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கூடாரம் போட்டுப் பழகியவர்கள் சில கோடைகள் கழிந்ததும் முதுகுவலியைக் காரணம் காட்டி டிரெய்லருக்கு மாறுகிறார்கள். முதலில் வாடகைக்கு எடுக்கிறார்கள். பிடித்துப்போனால் வாங்கியும் விடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பட்டியல்களில் ஒரு ரசமட்டமோ சக்கரத்துக்குக் கொடுக்கும் கட்டையோ இடம்பெற்று நான் கண்டதில்லை.

வாடகைக்குக் கொடுப்பவர் சாவியை நீட்டும்போது கழிவறைத் தொட்டியைக் காலி செய்வது பற்றி விலாவாரியாகச் சொல்வார். எல்லோரும் பயந்துபோய்க் கேட்பது அதைத்தான் என்று அவருக்குத் தெரியும். வண்டியை மட்டமாக நிறுத்துவதை மட்டும், போனதும் லெவல் பண்ணிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். எப்படி, எது முதலில், எது அப்புறம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்காது. அதற்காகத்தான் இந்த மடல்.

என் கட்சி இதுதான். மட்டம் ஒரு டிகிரி முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது. வேலைகளின் வரிசை மாறினால்தான் முழுகும். இடவலச் சாய்வைச் சரிசெய்வது முதலில். சக்கரங்களுக்குத் தடுப்புக் கட்டை கொடுப்பது அடுத்து. காரிலிருந்தோ பிக்கப்பிலிருந்தோ டிரெய்லரைக் கழற்றுவது அதற்குப் பிறகு. முன்பின் சாய்வைப் பார்ப்பது கழற்றிய பிறகு. நான்கு மூலைகளிலும் முட்டுக் கால்களை இறக்குவது கடைசியிலும் கடைசி.

இந்த வரிசைக்குக் காரணம் எளியது. டிரெய்லரின் மூக்கில் ஒரு ஜாக்கி இருக்கிறது. அதை ஏற்றி இறக்கினால் முன்பக்கம் உயரும், தாழும். நடுவில் அச்சு இருப்பதால் தராசுக்கோல் மாதிரி பின்பக்கம் எதிர்த்திசையில் போகும். ஆக முன்பின் சாய்வைச் சரிசெய்ய டிரெய்லரிலேயே கருவி இருக்கிறது. இடவலத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றித்தான் உயர்த்த வேண்டும். 5,000 பவுண்டுக்கு மேல் கனக்கும் பெட்டியைப் பலகைமேல் ஏற்ற இழுப்பு வண்டி வேண்டும். அதைக் கழற்றி, திருப்பி, மர நிழலில் நிறுத்திவிட்டு வந்து, டிரெய்லருக்குள் ஏறியபின் 'ஒரு பக்கமாச் சரியுதே' என்று கண்டுபிடிப்பவர்களுக்கு இரண்டே வழி. மறுபடி மாட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவது ஒன்று. முட்டுக் கால்களை முறுக்கி டிரெய்லரையே தூக்கப் பார்ப்பது இன்னொன்று. அலுப்பில் பலரும் இரண்டாவதைச் செய்கிறார்கள்.

அதைச் செய்யாதீர்கள். மூலைகளில் இருக்கும் அந்தக் கால்கள் டிரெய்லர் ஆடாமல் இருக்க மட்டும்தான். பாரத்தைச் சுமப்பவை சக்கரங்கள். ஒரு மூலையில் மட்டும் தூக்கினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாகச் சாத்தாதது அதன் முதல் அடையாளம். பக்கச் சுவரோடு வெளியே தள்ளும் ஸ்லைடு-அவுட் உள்ள டிரெய்லராக இருந்தால் அது பாதியில் சிக்கி நிற்கும். கால் தரையைத் தொட்டு, அதன்மேல் சற்று இறுகினால் போதும். பவர் டிரில்லை மாட்டி முறுக்குபவர்களுக்கு அந்த 'சற்று' எங்கே முடிகிறது என்று கையில் தெரிவதில்லை. கடைசிச் சுற்றுகளைக் கைப்பிடியால் திருப்புவதே உத்தமம்.

இனி கட்டை. இங்கே இழுக்கப்படும் டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் கைபிரேக் கிடையாது. ஐரோப்பிய கேரவன்களில் மூக்கருகே ஒரு நெம்புகோல் இருக்கும், இழுத்தால் நின்றுவிடும். இங்கே பிரேக்குகள் மின்சாரத்தில் இயங்குபவை. நீங்கள் பிக்கப்பில் பிரேக்கை மிதிக்கும்போது அங்கிருந்து வரும் மின்னோட்டம்தான் டிரெய்லர் சக்கரங்களைப் பிடிக்கிறது. ஒயரைக் கழற்றிய அந்தக் கணமே அது சக்கரம் வைத்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஓடும்போது அறுந்துகொண்டால் நிறுத்துவதற்காக ஒரு பிரேக்அவே பின் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டால் பிரேக் பிடித்துக்கொள்ளுமே என்று சில கெட்டிக்காரர்கள் யோசனை சொல்வார்கள். பேட்டரி காலியாகும்வரைதான் அந்தப் பிடி. பிரேக்குக்குள் இருக்கும் மின்காந்தமும் சூடேறிக் கெடும். எனவே சரிவில் டிரெய்லரைப் பிடித்து நிறுத்துவது சக்கரத்தடியில் இருக்கும் கட்டை ஒன்றுதான். ஊரில் மலைப்பாதையில் லாரி நின்றால் கிளீனர் முதலில் குதித்து ஓடிவந்து செய்யும் அதே வேலைதான் இங்கும்.

கட்டையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கொடுங்கள். பலகைமேல் ஏறாமல் தரையிலேயே நிற்கும் பக்கத்தில் குறிப்பாக நெருக்கமாக, தட்டி இறுக்கி. இரட்டை அச்சு டிரெய்லராக இருந்தால் இரண்டு டயர்களுக்கும் இடையில் செருகித் திருகி இறுக்கும் இரும்புத் தடுப்புகள் கிடைக்கின்றன. அவை ஆட்டத்தையும் குறைக்கும். ஆனால் தரையில் கொடுக்கும் கட்டைக்கு மாற்று ஆகா. அடுப்புக்கு வாங்கிய விறகுத் துண்டையோ அங்கே கிடக்கும் கல்லையோ கொடுத்துச் சமாளிப்பது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். உருண்டையான விறகு உருளும். பிளந்த விறகு இன்னும் பிளக்கும். ரப்பர் கட்டை ஒன்றும் பெரிய விலையில்லை.

கழற்றும்போது இன்னொன்று. கப்ளரைப் பந்திலிருந்து விடுவித்த பிறகும் பாதுகாப்புச் சங்கிலிகளைக் கொஞ்ச நேரம் மாட்டியே வையுங்கள். ஜாக்கி பாரத்தை வாங்கிக்கொண்டதா, டிரெய்லர் கட்டைமேல் சாய்ந்து நின்றுவிட்டதா என்று பார்த்தபின் சங்கிலியை எடுத்தால் போதும். பாரத்தைப் பகிர்ந்தளிக்கும் இரும்புத் தண்டுகள் உள்ள ஹிட்ச் என்றால், கப்ளர் மாட்டியபடியே ஜாக்கியை ஏற்றி, பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து உயரவிட்டு, தண்டுகளின் விறைப்பு தளர்ந்தபின் கழற்றுங்கள். விறைப்போடு விடுவித்தால் அந்தத் தண்டு முழங்காலைப் பதம் பார்க்கும்.

பலகை விஷயத்துக்கு வருவோம். சந்தையில் பலவிதம் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் மஞ்சள், சிவப்பு நிறப் பிளாஸ்டிக் துண்டுகள். பிறை போல வளைந்த ஏற்றப் பலகை: அதன்மேல் மெல்ல ஏறிக்கொண்டே போய், ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வந்ததும் நிறுத்தி, அடியில் ஆப்பைச் செருகிவிடலாம். புதியவர்களுக்கு இந்தப் பிறைப் பலகையையே பரிந்துரைப்பேன். எத்தனை துண்டு அடுக்குவது என்ற கணக்கே இதில் இல்லை. செலவு வேண்டாம் என்றால் மரக்கடையில் இரண்டங்குலத் தடிமனுள்ள பலகையை வாங்கி, நுனியைச் சரிவாக அறுத்து வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் டயரின் அகலம் முழுதும் பலகைமேல் இருக்க வேண்டும். ஓரம் வெளியே தொங்கினால் டயருக்குள் இருக்கும் இழைகள் கெடும். அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பிறகு நெடுஞ்சாலையில் வெடிக்கும். இரட்டை அச்சு என்றால் தாழ்ந்த பக்கத்து இரண்டு சக்கரங்களையும் ஏற்ற வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் அந்தப் பக்கத்துப் பாரம் முழுதும் அந்த ஒரு டயரிலேயே உட்காரும்.

எவ்வளவு உயர்த்துவது? டிரெய்லரின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையில் ஏறக்குறைய 6 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரி சாய்வுக்கு ஒன்றேகால் அங்குலம் உயர்த்த வேண்டும். 3 டிகிரி என்றால் நாலங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. முன்பின்னாக, அச்சிலிருந்து ஜாக்கிவரை 15 அடி இருந்தால் ஒரு டிகிரிக்கு 3 அங்குலம். சரிவான இடங்களில் ஜாக்கி அதன் எல்லைவரை இறங்கியும் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஜாக்கியின் பாதத்துக்கடியில் முதலிலேயே இரண்டு பலகைகளை அடுக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஈரமண்ணில் பாதம் புதையவும் புதையாது.

ஆனால் பலகையை எடுக்கும் முன் டிரெய்லரை மூன்றடி முன்னே நகர்த்திப் பாருங்கள். பின்னேயும் பாருங்கள். பாதிச் சாய்வு அதிலேயே போய்விடுவதுண்டு. அரிசோனாவின் குவார்ட்ஸைட் ஊரைச் சுற்றியுள்ள அரசு நிலப் பாலைவனத்தில் குளிர்காலம் முழுதும் டிரெய்லர்கள் திரண்டு நிற்கும். அங்கே கோடு போட்ட இடம் பெரும்பாலும் கிடையாது. பழகிய முதியவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்து, எங்கே தரை படுத்திருக்கிறது என்று பார்த்து அங்கேதான் நிறுத்துவார்கள். பலகையே வேண்டியிருக்காது. நமக்கு அந்த வசதி எப்போதும் கிடைப்பதில்லை. யோசெமிட்டி பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் போன்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட தளம் ஒன்றுதான். மர வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவே. அங்கேகூட ஓரிரு அடி விளையாட இடம் உண்டு. இறங்கி நடந்து பாருங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஸ்லைடு மரத்தில் இடிக்குமா, தாழ்ந்த கிளை இருக்கிறதா என்பதும் அந்த நடையிலேயே தெரிந்துவிடும்.

அப்பர் பைன்ஸைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே தளங்களில் மின்சார இணைப்பு கிடையாது. எனவே பல டிரெய்லர்களின் ஃப்ரிட்ஜ் அங்கே புரொப்பேன் சுடரில் ஓடும். டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டியதற்கான உண்மையான காரணம் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. தலையணை சரிவதும் கதவு தானாகத் திறந்துகொள்வதும் சில்லறைத் தொந்தரவுகள்.

வீட்டு ஃப்ரிட்ஜில் மோட்டார் இருக்கிறது. கம்ப்ரசர் வாயுவை அழுத்தித் தள்ளுகிறது. டிரெய்லரின் உறிஞ்சல் முறை ஃப்ரிட்ஜில் மோட்டாரே இல்லை. அடியில் ஒரு சுடர் அம்மோனியா கலந்த நீரைக் கொதிக்க வைக்கிறது. அம்மோனியா ஆவியாகி மேலே போய், குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மீண்டும் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பிறகு நீரில் கரைந்து, புவியீர்ப்பால் வழிந்து, கொதிகலனுக்குத் திரும்புகிறது. சுடரிலிருந்து குளிர் வரும் இந்த விந்தையை 1922-இல் ஸ்டாக்ஹோமில் வான் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் வடிவமைத்தார்கள். எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி உலகெங்கும் விற்றது. ஐன்ஸ்டைன்கூட லியோ சிலார்டுடன் சேர்ந்து, அசையும் பாகங்கள் இல்லாத ஒரு ஃப்ரிட்ஜுக்கு 1930-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அது சமையலறைக்கு வந்து சேரவில்லை.

அந்தக் குழாய்களின் வாட்டம் கணக்குப் பார்த்து வளைக்கப்பட்டது. டிரெய்லர் சாய்ந்து நின்றால் திரவம் திரும்பி வராமல் எங்கேயோ தேங்கும். சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். கொதிகலன் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறும். உள்ளே துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் பிரிந்து, கட்டியாகிக் குழாயை அடைக்கும். அது திரும்பக் கரையாது. ஒவ்வொரு முறை சாய்த்து ஓட்டும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒருநாள் ஃப்ரிட்ஜ் கண்ணை மூடிக்கொள்ளும். குழாய் ஓட்டையானால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சாலையில் ஓடும்போது மட்டும் இந்தக் கவலை இல்லை. குலுக்கலில் திரவம் எங்கும் தேங்காது. ஆபத்து நின்றபின்தான்.

வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு, பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. உங்கள் ஃப்ரிட்ஜின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே வேதம். கவனித்தீர்களா, இடவலச் சாய்வுக்குத்தான் கெடுபிடி அதிகம். சக்கரத்தைப் பலகையில் ஏற்றுவதை முதல் வேலையாக வைத்ததற்கு இதுவும் துணை. புதிய டிரெய்லர்களில் 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வருகிறது. அவற்றுக்கு இந்த நோய் கிடையாது. உங்களுடையது எது என்று தெரிய வேண்டுமானால் முகப்பைப் பாருங்கள்: கேஸ் என்று ஒரு பொத்தான் இருந்தால் பழைய வகை.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குளியல் தட்டில் நீர் வடியாமல் மூலையில் நிற்கும். கழிவுத் தொட்டியின் அளவுகாட்டி, பாதிதான் நிறைந்திருக்கும்போது நிறைந்துவிட்டது என்று சொல்லும். நிறைந்தபின் பாதி என்று சொல்லும், அதுதான் பயங்கரம். தோசைக்கல்லில் எண்ணெய் ஒரு ஓரமாக ஓடி, மாவு அதன் பின்னாலேயே ஓடும். படுக்கும்போது தலையை உயர்ந்த பக்கம் வைத்துக்கொண்டால் தூக்கத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

ரசமட்டத்தை நம்புவதற்கு முன் அதைச் சோதித்துக்கொள்ளுங்கள். ஊர்க் கொத்தனார் செய்வதுதான்: வைத்துப் பார்த்து, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைத்துப் பாருங்கள். குமிழி இரண்டு முறையும் ஒரே இடத்தில் நின்றால் கருவி நேர்மையானது. கைபேசிச் செயலியும் போதும். ஆனால் கேமரா புடைத்திருக்கும் பேசியை முதுகில் படுக்க வைத்தால் அதுவே ஒரு சாய்வு. விளிம்பில் நிறுத்தி வையுங்கள். டிரெய்லரின் வெளிப்புறத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் குமிழிகளை அப்படியே ஏற்காதீர்கள். வீட்டு வாசலில் ஃப்ரீஸரின் தரையில் ரசமட்டத்தை வைத்து மட்டப்படுத்திவிட்டு, அந்த நிலையில் வெளியே புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்று முன்சுவரில், ஓட்டுநர் கண்ணாடியில் பார்ப்பதற்கல்ல, வழிகாட்டுபவர் பார்ப்பதற்கு. மற்றொன்று பக்கவாட்டில், ஜாக்கியைத் திருப்புபவரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில்.

வழிகாட்டுபவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் கூட்டத்தில் ஒரு டிரெய்லர் பின்னால் வந்தால் நான்கு பேர் கத்துவார்கள். மாமா 'வரட்டும், வரட்டும்' என்பார்; சித்தப்பா 'லெஃப்ட்ல ஒடிங்க' என்பார்; பக்கத்துத் தளத்துக்காரர் எழுந்து நின்று பார்ப்பார். ஒருவர் மட்டும் சொல்லட்டும். இடம், வலம் வேண்டாம். எதிரெதிரே நிற்பவர்களுக்கு இரண்டும் வேறு. ஓட்டுநர் பக்கம், கதவுப் பக்கம் என்று சொல்லுங்கள். ஓட்டுபவரின் கண்ணாடியில் நீங்கள் தெரியவில்லை என்றால் அவர் நிறுத்திவிட வேண்டும், இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் ஏறும்போது அங்குலக் கணக்கு என்பதால் கைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டுச் சாதாரணக் குரலில் பேசிக்கொள்வதே மேல். 'ஹோல்டான்' என்ற ஒரு சொல்லை மட்டும் உரக்கச் சொல்லலாம். ஜாக்கி இறங்கி முட்டுக் கால்கள் நிற்கும்வரை பிள்ளைகள் தளத்துக்குள் வரக்கூடாது. டிரெய்லர் ஜாக்கியில் நிற்கும்போது யாரும் அடியில் நுழையக்கூடாது, விழுந்த சாவியை எடுக்கக்கூட.

வெள்ளி மாலை அலுவலகம் முடிந்து கிளம்பி, நெரிசலில் ஊர்ந்து, இரவு பதினொன்றுக்கு வந்து சேர்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான பூங்காக்களில் பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. அந்த நேரத்தில், அந்தக் களைப்பில், டார்ச் வெளிச்சத்தில் கழற்றவே வேண்டாம். இடவலச் சாய்வு மட்டும் இருந்தால் பலகையில் ஏற்றி, கட்டை கொடுத்து, பிக்கப்போடு மாட்டியபடியே தூங்குங்கள். சாய்வு அதிகம் என்று தோன்றினால் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள். கதவைத் திறக்காவிட்டால் காலைவரை குளிர் தாங்கும். பால் கெட்டாலும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கழற்றும்போது இன்னும் ஒரு காரியம்: கப்ளர் பந்தைவிட்டு முழுதும் மேலெழுந்த உயரத்தை ஜாக்கியின் தண்டில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். மட்டப்படுத்தியபின் மூக்கு வேறு உயரத்தில் நிற்கும். கிளம்பும் காலையில் அந்தக் குறிவரை கொண்டுவந்தால் பந்து நேரே கப்ளருக்கு அடியில் நுழையும்.

கிளம்பும்போது வரிசை அப்படியே தலைகீழ். முட்டுக் கால்கள் மேலே. பிறகு மாட்டுதல், சங்கிலி, ஒயர். கப்ளரைப் பூட்டியபின் ஜாக்கியைச் சற்று ஏற்றிப் பாருங்கள். பிக்கப்பும் கூடவே எழுந்தால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் சக்கரக் கட்டைகளை எடுக்க வேண்டும். பலகையிலிருந்து இறங்கி ஒரு டிரெய்லர் நீளம் முன்னே போய் நிறுத்துங்கள். ஒருவர் இறங்கி வந்து தளத்தை நடந்து பார்க்கட்டும். பலகைகள் அங்கேதான் கிடக்கும். கரண்டியும் ஒரு செருப்பும்கூட.

அன்புடன்,
டிரெய்லர் இழுக்கும் உங்களில் ஒருவர்

பி.கு.: வெளியே விரிக்கும் நிழல்துணியை மட்டும் மட்டமாகக் கட்டாதீர்கள். ஒரு காலை மற்றதைவிட நன்றாகவே தாழ்த்திவிடுங்கள். இல்லாவிட்டால், மழை பெய்யும்போது நீர் நடுவில் தேங்கி, கைகளை வளைத்துவிடும். துணியும் கையும் மாற்ற, வாடகைக்குக் கொடுத்தவர் உங்கள் வைப்புத்தொகையிலிருந்துதான் பிடிப்பார்.